டூரர் போன வழியில் எட்டு நாள்

முதல் நாள்: வெனிஸ்

என் அப்பா மதுரையில் ஒரு சின்ன அச்சகத்தில் 31 வருஷம் கம்பாசிட்டராக இருந்தார். ஒரு வருஷம் தீபாவளி மலர் வேலை தலைக்கு மேல் இருந்த நேரம். கதை தர வேண்டிய எழுத்தாளர் அச்சகத்துக்கே வந்து, மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதினாராம். அவர் ஒரு தாளை முடித்து நீட்டுவார், அப்பா வாங்கி அச்சுக் கோப்பார். அப்பா கோத்து முடிப்பதற்குள் அடுத்த தாள் வந்துவிட வேண்டும். "அவர் பேனாவுக்கும் என் கைக்கும் ஓட்டப்பந்தயம்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று மாலை வெனிஸில் மானின் சதுக்கத்தில் நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது. ஆல்டஸ் மனூட்டியஸின் அச்சகம் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. 1508இல் எராஸ்மஸ் இங்கே வந்து மாதக்கணக்கில் தங்கி, 3,000க்கும் மேற்பட்ட பழமொழிகளைத் தொகுத்தார். ராட்டர்டாமில் பிறந்தவர், கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்தவர். அவர் எழுத எழுத, அதே கூடத்தில் அச்சுக் கோத்தார்கள். காதைச் சொறியக்கூட நேரம் இருக்கவில்லை என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் மறுமலர்ச்சிப் பாடம் ஃபிளாரன்ஸில் தொடங்கி, லியோனார்டோ, மைக்கலாஞ்சலோ என்று போய், "அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவியது" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பயணம். யார் சுமந்துகொண்டு போனார்கள், எந்த வழியாக? ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு வழித்துணையும் அவள்தான், மொழித்துணையும் அவள்தான்.

ரியால்டோ பாலத்தை ஒட்டி ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. ஜெர்மன் வணிகர்கள் தங்கவும் சரக்கு வைக்கவும் வெனிஸ் அரசு கட்டிக்கொடுத்த மாளிகை. 1505இல் எரிந்து, 1508இல் திரும்பக் கட்டி முடித்தார்கள். அந்த இடைவெளியில்தான் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கைச் சேர்ந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் இங்கே இருந்தார். பக்கத்துத் தேவாலயத்துக்காக ஜெர்மன் வணிகர்கள் அவரிடம் ஒரு பெரிய பலிபீட ஓவியம் கேட்டார்கள். அது இப்போது பிராகில் இருக்கிறது. வெனிஸின் வயது முதிர்ந்த ஓவியர் ஜொவான்னி பெல்லினி இந்த இளைஞரைத் தேடி வந்து பாராட்டினார். 1506இல் டூரர் தன் நண்பர் பிர்க்ஹைமருக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இது: இந்த வெயிலுக்குப் பிறகு ஊரில் எப்படிக் குளிரில் நடுங்கப்போகிறேனோ! இங்கே நான் ஒரு கனவான், ஊரில் ஓசிச்சோற்றுக்காரன்.

ஓவியன் என்றால் அவர் ஊரில் கைத்தொழில்காரன், தச்சனைப் போல, கொல்லனைப் போல. இத்தாலியில் ஓவியன் அறிஞர்களோடு சரிசமமாக உட்கார ஆரம்பித்திருந்தான். டூரர் இங்கே கண்டது தூரக்காட்சி வரையும் வித்தையை மட்டும் இல்லை, இந்த நாற்காலியையும் கண்டார். அதைத்தான் அவர் ஆல்ப்ஸுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார் என்று எனக்குத் தோன்றுகிறது. போகப் போகப் பார்க்கலாம்.

இரண்டாம் நாள்: பிரென்னர் கணவாய்

நாள் முழுக்க ரயில். வெரோனாவிலிருந்து அடிஜே ஆற்றை ஒட்டியே ஏறுகிறது. ட்ரென்டோ தாண்டியதும் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், அதற்கு மேல் பாறை, அதற்கும் மேல் பனி.

இதே வழியில்தான் டூரர் 1494இல் முதல் தடவை போனார். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, ஊரில் கொள்ளைநோய். இந்தப் பயணங்களில் ட்ரென்டோ, ஆர்கோ, இன்ஸ்ப்ரூக் என்று நீர்வண்ணத்தில் வரைந்தவை இன்றும் இருக்கின்றன. சாமி படமும் இல்லை, ராஜா படமும் இல்லை. கண்ணில் பட்ட மலையை, கோட்டையை, அதற்காகவே வரைந்திருக்கிறார்.

இந்தக் கணவாய் வழியே அப்போது கோவேறு கழுதைகளும் வண்டிகளும் வடக்கே போய்க்கொண்டிருந்தன. சரக்கில் முக்கியமானது மிளகு. மலபாரில் பறித்து, அலெக்சாண்ட்ரியா வழியாக வெனிஸுக்கு வந்த மிளகு. புத்தகங்களும் செப்புத்தகட்டுப் படங்களும் அதே மூட்டைகளோடு ஏறி இறங்கின. மிளகுக்குப் போட்ட பாதையில் கல்வி நடந்து போயிருக்கிறது.

என் பெட்டிக்குள் அப்பாவின் ஸ்டிக் இருக்கிறது, எழுத்துக் கோக்கும் அந்தச் சின்ன இரும்புத் தட்டு. ஏன் எடுத்து வந்தேன் என்று மகள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள்: நியூரம்பெர்க்

கோட்டைக்குக் கீழே, நகர வாசலை ஒட்டி, மரச்சட்டம் போட்ட உயரமான வீடு. டூரர் 1509இல் வாங்கி, 1528இல் சாகும்வரை இருந்த வீடு இது. 1945 ஜனவரியில் குண்டு விழுந்து இந்த நகரத்தின் பழைய பகுதி ஏறக்குறைய தரைமட்டமானது. இந்த வீடு காயத்தோடு தப்பியது.

மேலே பட்டறை. ஒரு பெண்மணி செப்புத்தகட்டில் படம் எடுத்துக் காட்டினார். என் வயதுதான் இருக்கும். தகடு முழுக்கக் கறுப்பு மையைக் குழைத்துப் பூசினார். பிறகு மொடமொடப்பான வலைத்துணியால் துடைத்தார். அப்புறம் துணியை வைத்துவிட்டு உள்ளங்கையின் ஓரத்தால் துடைத்தார், தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதுபோல இலேசாக, வேகமாக. மேற்பரப்பு கண்ணாடிபோல ஆனது. கீறலுக்குள் மட்டும் மை தங்கியது. நனைத்து வைத்திருந்த தாளை மேலே பரப்பி, கம்பளியைப் போர்த்தி, உருளைக்கு நடுவே கொடுத்துச் சக்கரத்தைச் சுற்றினார். தாளைப் பிரித்தபோது ஒவ்வொரு கோடும் காகிதத்தின் மேல் விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்குப் புடைத்திருந்தது.

அப்பாவின் ட்ரெடில் மிஷினில் இதற்கு நேர்மாறு. அங்கே மேடு மை குடிக்கும், இங்கே பள்ளம். மரக்கட்டைப் படமும் மேட்டு வேலைதான். டூரருக்கு இரண்டும் கைவந்தவை. அவர் அப்பா ஹங்கேரியிலிருந்து வந்த பொற்கொல்லர். பையன் தூரிகைக்கு முன்னால் சிற்றுளி பிடித்தவன். ஞானத்தகப்பன் ஆன்டன் கோபர்கரும் பொற்கொல்லராக இருந்து அச்சகம் வைத்தவர்தான். கோபர்கர் 1493இல் வெளியிட்ட உலக வரலாற்றில் ஏறக்குறைய 1,800 படங்கள் உண்டு. கட்டைகள் சுமார் 650தான், ஒரே கட்டை பல நகரங்களுக்கு முகமாக வரும். இத்தாலியில் சுவரிலும் பளிங்கிலும் நடந்தது இங்கே காகிதத்தில் நடந்திருக்கிறது. சுவரை மூட்டை கட்ட முடியாது. காகிதத்தை முடியும். டூரரின் மனைவி ஆக்னஸ் அவர் படங்களைச் சந்தைகளில் விற்று வந்தார். வெனிஸ்வரை போன படங்களை அங்கே ரைமொண்டி என்ற செதுக்குக் கலைஞர் அப்படியே நகலெடுத்தார். வடக்கே போன கலை திரும்பித் தெற்கே வந்துவிட்டது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

சுவரில் அந்தக் காண்டாமிருகம். குஜராத் சுல்தான் போர்ச்சுகீசியருக்குக் கொடுத்து, 1515இல் கப்பலேறி லிஸ்பன் போன மிருகம். டூரர் அதைப் பார்க்கவே இல்லை. ஒரு கடிதமும் ஒரு வரைபடமும் கிடைத்தன, அதை வைத்தே மரக்கட்டைப் படமாக்கினார். உடம்பெல்லாம் கவசத் தகடு, முதுகில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு. ஐரோப்பா 200 வருஷத்துக்கு மேல் காண்டாமிருகம் இப்படித்தான் இருக்கும் என்று நம்பியது.

அதற்கு முந்தின வருஷம் செதுக்கியது 'மெலன்கோலியா'. சிறகுள்ள ஒருத்தி கன்னத்தில் கை வைத்து யோசனையில் ஆழ்ந்திருக்கிறாள். காலடியில் ரம்பம், இழைப்புளி, ஆணிகள். மடியில் காம்பஸ். சிந்திக்கிறவளைச் சுற்றித் தச்சன் சாமான்களைப் போட்டிருக்கிறாரே, அதன் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன்.

1525இல் கோணமும் வட்டமும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். லத்தீனில் இல்லை, ஜெர்மனில், லத்தீன் தெரியாத பட்டறைப் பையன்களுக்காக. நீள்வட்டத்துக்கு ஜெர்மனில் சொல் இல்லை. 'முட்டைக்கோடு' என்று வைத்தார். அதிபரவளைவு 'கவைக்கோடு' ஆனது. அந்தச் சொற்கள் நிலைக்கவில்லை. ஆனாலும் தமிழில் கலைச்சொல் தேடி அலையும் எவருக்கும் இந்த மனிதரைக் கட்டிக்கொள்ளத் தோன்றும்.

நான்காம் நாள்: நியூரம்பெர்க்

காலையில் அருங்காட்சியகத்தில் மார்ட்டின் பெஹைம் செய்த உலக உருண்டையைப் பார்த்தோம். 1492இல் தொடங்கியது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே கடல் மட்டும்தான், அமெரிக்கா இல்லை.

பிறகு புனித ஜான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். நம் ஊர்க் கல்லறைபோலச் சிலுவைகள் நிமிர்ந்து நிற்பதில்லை. படுக்கைவசத்தில் கனமான கற்கள், ஒவ்வொன்றின் மேலும் வெண்கலத் தகடு, இடையிடையே ரோஜாச் செடி. தகடுகளில் பலவற்றில் இறந்தவரின் தொழில் புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கிறது. கருவியை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். டூரரின் கல்லில் பிர்க்ஹைமர் எழுதிய லத்தீன் வரி: ஆல்பிரெக்ட் டூரரில் அழியக்கூடியது எதுவோ அது இந்த மேட்டின் கீழ் இருக்கிறது. அந்த நண்பரும் இதே தோட்டத்தில்தான் கிடக்கிறார்.

ஒரு செல்வந்தக் குடும்பத்து அறிஞர் தட்டார் மகனுக்கு இப்படி ஒரு வரி எழுதுகிறார். வெனிஸில் பார்த்த நாற்காலி இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

ஐந்தாம் நாள்: பேசல்

ரயில் ரொம்பத் தாமதம், இணைப்பு வண்டி போய்விட்டது. மூன்று மணிக்குத்தான் வந்து சேர்ந்தோம். மூட்டையை விடுதியில் போட்டுவிட்டு நேரே காகித ஆலைக்கு ஓடினோம்.

பேசல் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. ரைன் ஆற்றங்கரையில், புனித ஆல்பன் பகுதியில், வாய்க்கால் தண்ணீரில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1431 முதல் 1448வரை இந்த ஊரில் பெரிய திருச்சபைச் சங்கம் கூடியது. ஐரோப்பாவின் பிஷப்புகளும் எழுத்தர்களும் வந்து குவிந்தார்கள். தீர்மானம், கடிதம், நகல் எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். அதனால் இங்கே ஆலைகள் தோன்றின. காகிதம் செய்யத் தெரிந்த காலிசியன் குடும்பம் இத்தாலியின் பியட்மாண்டிலிருந்து வந்து இந்த வாய்க்காலில் தொழில் நடத்தியது. சங்கத்தில் வேலை பார்த்த சியன்னாப் பக்கத்து இத்தாலியர் ஒருவர் பிறகு போப் இரண்டாம் பயஸ் ஆனார். அவர் அனுமதியோடு 1460இல் பல்கலைக்கழகம் வந்தது. காகிதம் இருந்தது, படித்தவர்கள் இருந்தார்கள், ஆறு இருந்தது. அச்சுக்காரர்கள் வராமல் இருப்பார்களா?

உள்ளே நாமே ஒரு தாள் செய்யலாம். கந்தல் துணியை மரச் சம்மட்டிகள் நாளெல்லாம் இடித்துக் கூழாக்குகின்றன. கூழ் நீர்மோர் மாதிரி இருக்கிறது, அதில் ஏறக்குறைய எல்லாமே தண்ணீர்தான். கம்பி வலை போட்ட சட்டத்தைச் செங்குத்தாக இறக்கி, தண்ணீருக்குள் படுக்கவைத்து, ஒரே சீராகத் தூக்க வேண்டும். தூக்கியவுடன் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் ஒரு ஆட்டு. அதில்தான் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அப்புறம் கம்பளியின் மேல் கவிழ்த்து அழுத்திப் பிரிக்க வேண்டும். என் முதல் தாள் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் ஓட்டை. இரண்டாவது பரவாயில்லை. பக்கத்தில் நின்ற தொழிலாளி என் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தினார், ஒரு வார்த்தை பேசாமல்.

ஈரத்தாளை இரண்டு துணிக்கு நடுவே வைத்து விடுதிக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

ஆறாம் நாள்: பேசல்

பேசலின் பெரிய கோயிலில் எராஸ்மஸின் கல்வெட்டு இருக்கிறது, சிவந்த கல்லில். வெனிஸில் பார்த்தோமே, அதே மனிதர். ஆல்டஸிடம் அச்சகத்தின் ருசி கண்டவர், பிறகு இங்கே ஃப்ரோபன் அச்சகத்தோடு ஒட்டிக்கொண்டார். 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைத் தன் புதிய லத்தீன் மொழிபெயர்ப்போடு இங்கே அச்சிட்டார். அதன் இரண்டாம் பதிப்பை வைத்துத்தான் லூதர் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1529இல் சமயச் சீர்திருத்தக்காரர்களின் கூட்டம் கோயில்களுக்குள் புகுந்து சிலைகளை உடைத்தபோது எராஸ்மஸ் ஊரைவிட்டே போய்விட்டார். 1535இல் திரும்பினார், மறுவருஷம் இறந்தார். கத்தோலிக்கக் குருவான அவரைச் சீர்திருத்தச் சபையின் கோயிலுக்குள் மரியாதையோடு புதைத்தார்கள்.

அருங்காட்சியகத்தில் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த இறந்த கிறிஸ்து. 2 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் உயரம். சவப்பெட்டியின் பக்கச்சுவரை எடுத்துவிட்டு உள்ளே பார்ப்பது போல. விரல்கள் கறுத்து, வாய் திறந்து, கண் மூடாமல். நான் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன் என்பது மகள் சொல்லித்தான் தெரிந்தது.

இத்தாலியில் உடம்பு என்றால் அழகு. இங்கே அதே கல்வி உடம்பைப் பிணமாகவும் பார்க்கத் துணிந்திருக்கிறது. மறுமலர்ச்சி புது ஊருக்குப் போனால் அந்த ஊரின் கையாக மாறிவிடுகிறது. இதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சமயச் சண்டையில் ஓவிய வேலை அருகியதும் ஹோல்பைன் 1526இல் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். ஆன்ட்வெர்ப் நண்பருக்கு எராஸ்மஸ் சிபாரிசுக் கடிதம் எழுதினார். இங்கே கலைகள் குளிரில் உறைந்து கிடக்கின்றன என்று அதில் இருக்கிறது. டூரர் வெனிஸில் பயந்த அதே குளிர்! ஆனால் அந்தக் குளிர் விரட்டியதால்தான் இங்கிலாந்துக்கு ஹோல்பைன் கிடைத்தார்.

இன்னொருவரையும் சொல்லாமல் பேசலை விட முடியாது. பிரஸ்ஸல்ஸில் பிறந்த வெசாலியஸ் பதுவாவில் உடற்கூறு கற்பித்தவர். தன் பெரிய நூலின் படக்கட்டைகளை வெனிஸ் பக்கத்தில் செதுக்கவைத்து, கோவேறு கழுதை முதுகில் ஆல்ப்ஸைத் தாண்டி இங்கே ஒபோரினஸின் அச்சகத்துக்கு அனுப்பினார். நூல் வந்தது 1543இல். அதே வருஷம் நியூரம்பெர்க்கில் கோப்பர்நிக்கஸின் நூலும் வந்தது. வெசாலியஸுக்கு அப்போது 28 வயது. மருத்துவர்கள் கத்தியை நாவிதரிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஏட்டைப் படித்ததால்தான் மருத்துவம் சீரழிந்தது என்று முன்னுரையில் குமுறுகிறார். முகப்புப் படத்தில் அவரே பிணத்தின் அருகில் நின்று தன் கையால் அறுத்துக்காட்டுகிறார். அவர் இங்கே சேர்த்து நிறுத்திய எலும்புக்கூடு இன்னும் பேசலில் இருக்கிறது. கட்டைகள் மட்டும் பிற்காலத்தில் ம்யூனிக் போய், இரண்டாம் உலகப்போர் குண்டுவீச்சில் எரிந்துவிட்டன.

ஏழாம் நாள்: லூவன்

பேசலிலிருந்து நீண்ட பயணம். பெல்ஜியத்தில் இருக்கும் லூவனில் அரைநாள்தான். 1517இல் புஸ்லைடன் என்ற செல்வர் விட்டுப்போன சொத்தில், எராஸ்மஸின் முயற்சியில், இங்கே மும்மொழிக் கல்லூரி தொடங்கியது. லத்தீன், கிரேக்கம், எபிரேயம். மூல மொழியில் படித்தால்தான் நூல் புரியும் என்ற ஒரே பிடிவாதம். பாரிஸில் 1530இல் பிரெஞ்சு மன்னர் ஏற்படுத்திய பேராசிரியர் பதவிகளுக்கு இதுதான் முன்மாதிரி.

மழை. ஆன்ட்வெர்ப் ரயிலைப் பிடித்துவிட்டோம்.

எட்டாம் நாள்: ஆன்ட்வெர்ப்

1520இல் டூரர் மனைவியோடு இந்த ஊருக்கு வந்தார். ஒரு வருஷம்போல இந்த நாடுகளில் இருந்தார், நாள்தோறும் கணக்கு எழுதினார். சாப்பாட்டுக்கு இவ்வளவு, சூதாட்டத்தில் தோற்றது இவ்வளவு, யாருக்கு எந்தப் படம் கொடுத்தேன் என்று. போர்ச்சுகீசிய வணிகர்கள் அவருக்குத் தேங்காய் கொடுத்தார்கள், அதை 'இந்தியக் கொட்டை' என்று எழுதுகிறார். கோழிக்கோட்டுத் துணியும் கிடைத்திருக்கிறது. தூரதேசத்துச் சாமான் எதுவானாலும் அவருக்குக் கோழிக்கோடுதான்.

வந்த சில நாளிலேயே இந்த ஊர் ஓவியர்கள் தங்கள் மன்றத்தில் விருந்து வைத்தார்கள். வெள்ளிப் பாத்திரம், உயர்ந்த சாப்பாடு. அவரை மேசைக்கு அழைத்துப் போனபோது, பெரிய பிரபுவுக்கு நிற்பதுபோல மக்கள் இரண்டு பக்கமும் எழுந்து நின்றார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். "ஊரில் ஓசிச்சோற்றுக்காரன்" என்று எழுதி 14 வருஷம் ஆகியிருந்தது. அந்த வரியை மகள் வாசித்துச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மத்தியானம் பிளான்டின்–மொரேட்டஸ் அச்சகம். கிறிஸ்டோஃபர் பிளான்டின் பிரான்ஸிலிருந்து பிழைக்க வந்தவர், 1555இல் இங்கே அச்சிடத் தொடங்கினார். அவர் சந்ததி 300 வருஷம் நடத்தி, 1876இல் வீட்டோடு, எந்திரத்தோடு, எழுத்தோடு நகரத்துக்கு விற்றது. உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய இரண்டு அச்சு எந்திரங்கள் இங்கேதான், சுமார் 1600ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. 1568 முதல் 1573வரை பல வால்யூம்களாக எபிரேயம், கிரேக்கம், அராமிக், சிரியாக், லத்தீன் என ஐந்து மொழியில் பைபிள் அச்சிட்டார்கள். பிளான்டினின் பெண் குழந்தைகள் சின்ன வயதிலேயே புரூஃப் வாசித்திருக்கிறார்கள்.

ஐந்து வருஷம் கழித்து, 1578இல், கொல்லத்தில் 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிறது. அதற்குக் கோவாவில் ஒருவர், கொல்லத்தில் ஒருவர் என்று எழுத்து வார்த்த இருவரின் பெயரும் நமக்குத் தெரியும். அப்பா கோத்த நூற்றுக்கணக்கான புத்தகங்களில் ஒன்றில்கூட அப்பா பெயர் இல்லை.

அச்சுக் கோக்கும் அறையில் ஜன்னலை ஒட்டி, எழுத்துகளைப் போட்டுவைக்கும் கேஸ்கள் சாய்வாக அடுக்கியிருக்கின்றன. விளிம்பு மரம் தேய்ந்து வழவழவென்று பள்ளமாகியிருக்கிறது, மணிக்கட்டு படும் இடத்தில். அப்பாவின் கேஸிலும் அதே இடத்தில் தேய்வு இருக்கும். தொடக் கூடாது என்று போட்டிருக்கிறது. நான் தொடவில்லை. பையிலிருந்து அப்பாவின் ஸ்டிக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

காவலுக்கு நின்ற பெரியவர் பக்கத்தில் வந்தார். எங்கே வாங்கினது என்று கேட்டார். "அம்மாவோட அப்பாவுது" என்று தமிழில் ஆரம்பித்த மகள், சுதாரித்துக்கொண்டு அவருக்குப் புரியும்படி சொன்னாள். தமிழுக்கு எத்தனை எழுத்து என்று கேட்டார். 247 என்றேன். கேஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்கிப் பார்க்கலாமா என்று கையை நீட்டினார்.

இடது கையில் வாங்கினார். நான்கு விரலால் அடியைத் தாங்கி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, கடைசி எழுத்து சாயாமல் பிடிக்கிற இடத்தில் வைத்தார். அப்பா அப்படித்தான் பிடிப்பார்.